காலின் கவுண்டியில் வீடு பார்ப்பவர்களுக்கு: பள்ளி மாவட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸுக்கு வடக்கே இருக்கும் காலின் கவுண்டிக்குக் குடிவருகிற தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். சென்னையிலிருந்து நேராக வருகிறவர்களும் சரி, நியூஜெர்சியிலிருந்து மாறி வருகிறவர்களும் சரி, ஒரே மாதிரி கேட்கிறார்கள். பதிலைத் திரும்பத் திரும்ப அடித்து விரல் தேய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பள்ளி ஊழியனும் இல்லை, வீட்டுத் தரகனும் இல்லை. இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்க வைத்த அப்பா, அவ்வளவுதான்.

கவுண்டிதானே பள்ளிகளை நடத்துகிறது?

இல்லை. 'டிஸ்ட்ரிக்ட்' என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊர் மாவட்டத்துக்குக் கிட்டத்தட்ட இணையானது கவுண்டி. பள்ளி மாவட்டம் என்பது வேறு சங்கதி. பள்ளி நடத்துவதற்கென்றே தனியாக எல்லை, தனியாக வரி, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற தனி நிர்வாகக் குழு என்று இருக்கிற அமைப்பு. டெக்சஸில் அதற்குப் பெயர் இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக ஐ.எஸ்.டி. (நம் வயதுக்காரர்களுக்கு ஐ.எஸ்.டி. என்றால் மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத்துதான் ஞாபகம் வரும், எனக்கும் வந்தது.) மேயருக்கும், கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைவரான கவுண்டி நீதிபதிக்கும் பள்ளியில் எந்த அதிகாரமும் கிடையாது. குழுவில் வழக்கமாக 7 பேர், சம்பளம் இல்லை. அவர்கள் ஒரு சூப்பரிண்டெண்டெண்டை நியமிப்பார்கள், அன்றாட நிர்வாகம் அவர் கையில்.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. வட கரோலினாவின் வேக் கவுண்டியில் கவுண்டி முழுவதற்கும் ஒரே மாவட்டம், ஹவாயில் மாநிலத்துக்கே ஒன்றுதான். அங்கிருந்து வருகிறவர்கள் இங்கே வந்து தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் காலின் கவுண்டியில் எத்தனை?

எல்லை தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்தால் ஒரு டஜனுக்கு மேல். தெற்கிலும் மேற்கிலும் நகரத்து மாவட்டங்கள்: பிளேனோ, பிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி, வைலி. அவற்றுக்கு வடக்கே பிராஸ்பர், செலைனா, மெலிஸ்ஸா, அன்னா. போன தலைமுறை வரை சோளமும் பருத்தியுமாக இருந்த மண், இப்போது கூரைக்குக் கூரை ஒட்டிய வீடுகள். கிழக்கே போனால் பிரின்ஸ்டன், பார்மர்ஸ்வில், புளூ ரிட்ஜ், அப்புறம் லவான், நெவேடா, ஜோசபின் போன்ற சிற்றூர்களைச் சேர்த்துக் கட்டிய கம்யூனிட்டி ஐ.எஸ்.டி. நடுவில் லூகாஸ், பேர்வியூ பக்கம் லவ்ஜாய் என்று சின்னதாக ஒன்று. 2006 வரை அதற்கு உயர்நிலைப் பள்ளியே கிடையாது, உயர்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகள் ஆலனுக்குத்தான் போனார்கள்.

2020 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 10,64,465. பத்தாண்டுக்கு முன் 7,82,341. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் காரணம்.

வீடு பிளேனோவில் என்றால் பிள்ளை பிளேனோ ஐ.எஸ்.டி.யில்தானே?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தபால் முகவரி ஒன்று சொல்லும், பள்ளி எல்லை வேறொன்று சொல்லும். பிளேனோ நகரத்துக்குள்ளேயே பிரிஸ்கோ ஐ.எஸ்.டி.க்கும் லூயிஸ்வில் ஐ.எஸ்.டி.க்கும் போகிற தெருக்கள் இருக்கின்றன. மெக்கின்னி இன்னும் மோசம். மெக்கின்னி முகவரியை வைத்துக்கொண்டு பிரிஸ்கோ, பிராஸ்பர், ஆலன் மாவட்டங்களில் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். பிரிஸ்கோ நகரத்திலும் ஒரு பகுதி பிராஸ்பருக்கும் ஒரு பகுதி லிட்டில் எல்முக்கும் போகிறது.

வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள். கவுண்டியில் சொத்து மதிப்பிடும் அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால், அந்த மனைக்கு யார் யார் வரி வசூலிக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அதில் எந்த ஐ.எஸ்.டி. பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் மாவட்டம். வரி வாங்குகிறவனுக்கு எல்லை தப்பாது. மாவட்டத்துக்குள் எந்தப் பள்ளி என்பதை அந்த மாவட்டத்தின் தளத்தில் முகவரி போட்டுத் தனியாகப் பாருங்கள்.

ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமா?

போதாது. மாவட்ட எல்லை அநேகமாக நகராது. ஆனால் மாவட்டத்துக்குள் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், வளர்கிற பக்கத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைகூட. நாங்கள் வீடு வாங்கியபோது தொடக்கப் பள்ளி நடக்கிற தூரம், அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தோம். மகள் மூன்றாம் வகுப்பு முடிக்கிற சமயம் புதுப் பள்ளி ஒன்று திறந்தார்கள், கோடு எங்கள் தெருவிலேயே விழுந்தது. எதிர்வீட்டுப் பையன் காலையில் பையை மாட்டிக்கொண்டு பழைய பள்ளிக்கு நடந்து போவான், நாங்கள் காரை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போவோம். அவள் ஒரு மாதம் வரை கண்ணாடி வழியாக அவனுக்குக் கையாட்டிக்கொண்டே போனாள். புதுப் பள்ளி நல்ல பள்ளிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த கூடுதல் விலைதான் இன்னும் உறுத்துகிறது.

நகரத்து மாவட்டம் நல்லதா, கிராமத்துப் பக்கம் நல்லதா?

என்னைக் கேட்டால், காலின் கவுண்டியில் மாவட்டங்களுக்குள் பெரிய வித்தியாசம் தரத்தில் இல்லை, வயதில் இருக்கிறது. நிலம் மலிவாக இருக்கிற இடத்தில் புதுவீடு எழும், அங்கே சின்னப் பிள்ளைகளோடு இளம் குடும்பங்கள் வரும், பள்ளி பிதுங்கும், மைதானத்து ஓரத்தில் தகரப் பெட்டி மாதிரி தற்காலிக வகுப்பறைகளை இறக்குவார்கள். இருபது இருபத்தைந்து வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள், அப்பா அம்மா மட்டும் அதே வீட்டில் இருப்பார்கள், வீட்டு விலையும் ஏறிவிட்டதால் புது இளம் குடும்பம் உள்ளே வர முடியாது, பள்ளி காலியாகும்.

பிளேனோ இதை முழுவதுமாகக் கடந்த ஊர். 2024 ஜூனில் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூடுவதென்று அங்கே குழு முடிவெடுத்தது. அதே கவுண்டியின் இன்னொரு முனையில் செலைனா 2023இலும் பிரின்ஸ்டன் 2024இலும் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த நகரம் என்று கணக்கெடுப்புத் துறை அறிவித்தது. பிரின்ஸ்டனில் குடிநீரும் சாலையும் தாங்காமல், புதுக் குடியிருப்புகளுக்கு நகராட்சியே 2024இல் தற்காலிகத் தடை போட்டது. பிளேனோ அன்று, பிரிஸ்கோ நேற்று, பிராஸ்பர் இன்று, பிரின்ஸ்டன் நாளை. அதனால் உங்கள் பிள்ளைக்கு இப்போது என்ன வயது, பன்னிரண்டாவது முடிக்கும்போது அந்த ஊருக்கு என்ன வயது ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிழக்குப் பக்கத்துச் சின்ன மாவட்டங்களில் என்னதான் இருக்கிறது?

எல்லாரும் இளக்காரமாகவே கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.பி. என்கிற கல்லூரித் தரத்துப் பாடங்கள் பத்து விதமாக இருக்காது, ஆர்க்கெஸ்ட்ரா இருக்காது, ரோபாட்டிக்ஸ் இருந்தால் ஒரே ஒரு ஆசிரியரின் ஆர்வத்தால் இருக்கும், அவர் மாறினால் அதுவும் போகும். ஆசிரியர் கிடைப்பதே கஷ்டம், ஏனென்றால் அரை மணி நேரம் கார் ஓட்டினால் நகரத்து மாவட்டத்தில் கூடுதல் சம்பளம். இதைச் சரிக்கட்டத்தான் 2025இல் வந்த சட்டத்தில், 5,000 மாணவர் அல்லது அதற்குக் குறைவான மாவட்டங்களில் ஐந்து வருட அனுபவமுள்ள ஆசிரியருக்கு 8,000 டாலர் உயர்வு வைத்தார்கள். பெரிய மாவட்டங்களில் அதே அனுபவத்துக்கு 5,000.

இருப்பது என்ன? தலைமையாசிரியருக்கு உங்கள் பிள்ளையின் பெயர் தெரியும். எந்த அணியில் சேர நினைத்தாலும் இடம் கிடைக்கும். பெரிய பள்ளியில் வாலிபால் அணிக்குத் தேர்வு வைத்து முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள். ஏ.பி. இல்லாத குறைக்குக் காலின் கல்லூரியின் டியூவல் கிரெடிட் வகுப்புகள் (பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தையும் முடிப்பது) இருக்கின்றன, பார்மர்ஸ்வில்லிலேயே அந்தக் கல்லூரிக்குக் கிளை உண்டு. அப்புறம் விவசாய வகுப்பு, எப்.எப்.ஏ. என்கிற விவசாய மாணவர் அமைப்பு, அதன் சீருடையான நீல நிறக் கார்டுராய் கோட்டு.

பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் மனை மலிவு என்று கிழக்கே போய்க் குடியேறினார். அவர் மகன் அங்கே எப்.எப்.ஏ.வில் சேர்ந்து ஓர் ஆட்டுக்கிடாய் வளர்த்தான். காலையில் ஐந்தரைக்கு எழுந்து தீவனத்தைத் தராசில் நிறுத்துப் போடுவான், நோட்டில் எழுதுவான், கழுத்துச் சங்கிலியைப் பிடித்து ஒரு மைல் நடத்துவான். கால்நடைப் போட்டியன்று நானும் போயிருந்தேன். நடுவர் கிடாயின் முதுகெலும்பு ஓரமாக விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு பையனிடமும் என்ன தீவனம், எவ்வளவு எடை ஏறியது என்று கேட்டுக்கொண்டு போனார். இவன் தடுமாறாமல் சொன்னான். ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது. எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் வண்டியில் ஏறியதும் அழ ஆரம்பித்துவிட்டான். வீடியோ காலில் ஊரிலிருந்து அவன் அப்பத்தா சொன்னது: "பேரு வெச்சுட்டியல்ல, அப்பறம் அழுகத்தான் வேணும் கண்ணு." அந்தப் பையன் இப்போது கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாகச் சொல்கிறான். நகரத்துப் பள்ளியில் படித்திருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதையும் நினைத்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

யூ.டி. ஆஸ்டினில் (டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின்) இடம் கிடைக்கச் சின்ன ஊர்ப் பள்ளியில் சேர்த்தால் சுலபம் என்கிறார்களே?

பாதி உண்மை. 1997இல் டெக்சஸ் போட்ட சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும். யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே வெகுநாள் 6 சதவீதமாக இருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து 5. பன்னிரண்டாவது முடிக்கிற வகுப்பில் 600 பேர் என்றால் 30 பேர், 60 பேர் என்றால் 3 பேர். சதவீதம் ஒன்றுதான், ஆனால் அந்த 30 பேருக்குள் வர பிரிஸ்கோவிலோ ஆலனிலோ நடக்கிற போட்டி இருக்கிறதே, அது நம் ஊர் பிளஸ் டூ கட் ஆப் போட்டியை ஞாபகப்படுத்தும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உடற்பயிற்சி வகுப்பைக்கூட மதிப்பெண் கணக்குப் பார்த்து எடுக்கிறது.

ஆனால் தானாகக் கிடைக்கிற இடம் பல்கலைக்கழகத்துக்குத்தான், கேட்கிற படிப்புக்கு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், எஞ்சினியரிங், பிசினஸ் எல்லாம் தனியாகப் பரிசீலித்துத்தான் கொடுப்பார்கள். இதற்காக மட்டும் ஊர் மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரேட்டிங் பார்த்து முடிவு செய்யலாமா?

மாநிலக் கல்வித் துறை ஏ முதல் எப் வரை போடுகிறது. வழக்கு நடந்ததால் 2023க்கான மதிப்பீடு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது, ஆகவே எந்த வருடத்து எழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையதளங்கள் போடுகிற பத்துக்கு இத்தனை என்ற எண், பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வருவது; தேர்வு மதிப்பெண் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டிப் போகும். 9 வாங்கிய பள்ளிக்கும் 7 வாங்கிய பள்ளிக்கும் நடுவில் ஒரு லட்சம் டாலர் வீட்டு விலை வித்தியாசம் கொடுப்பதற்கு முன், இரண்டு பள்ளிக்கும் நேரில் போய் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள்.

வரி எவ்வளவு வரும்?

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷமாக வருகிறவர்களுக்கு முதல் சொத்து வரிக் காகிதம் வரும்போது வியர்த்துவிடும். அதில் பெரிய பங்கு பள்ளிக்குத்தான்.

வரி இரண்டு துண்டு. ஒன்று சம்பளம், மின்சாரம், அன்றாடச் செலவுக்கு. இன்னொன்று கட்டிடம் கட்ட வாங்கிய கடனை அடைக்க. கட்டிடக் கடன் பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட முடியாது. ஆலன் கதை இதற்கு நல்ல உதாரணம்: 2009இல் மக்கள் ஓட்டுப்போட்ட 11.9 கோடி டாலர் கடன் திட்டத்திலிருந்து சுமார் 6 கோடியில் 18,000 பேர் உட்காரும் அமெரிக்கன் புட்பால் அரங்கம் கட்டினார்கள், 2012இல் திறந்தது, 2014இல் கான்கிரீட்டில் விரிசல் என்று மூடினார்கள், 2015இல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், சட்டப்படி முடியாது.

புதுப்பள்ளி கட்டிக்கொண்டே இருக்கிற மாவட்டங்களில் கடன் துண்டு பெரிது, எனவே 100 டாலர் மதிப்புக்கு மொத்தம் 1.25 டாலர் பக்கம் போகும். பிளேனோ, பிரிஸ்கோ போன்றவற்றில் 1.05 பக்கம். நீங்களே குடியிருக்கும் வீடென்றால் பள்ளி வரிக்கு 1,40,000 டாலர் கழிவு உண்டு. 2023இல் ஒரு லட்சமாக்கினார்கள், 2025 நவம்பர் ஓட்டெடுப்பில் இந்த அளவுக்கு ஏற்றினார்கள். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 3,60,000க்குத்தான் வரி: ஒரு பக்கம் 3,780 டாலர், இன்னொரு பக்கம் 4,500. இது பள்ளிக்கு மட்டும். கவுண்டி, நகராட்சி, கல்லூரி தனி. ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு என்றால் குடிநீர், சாக்கடைக்கென்று எம்.யூ.டி. வரி ஒன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள், வீடு மலிவு என்று நினைத்ததெல்லாம் அதில் கரைந்துவிடும். கழிவுக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

எங்கள் வரி முழுக்க எங்கள் பள்ளிக்கே வருமா?

பணக்கார மாவட்டத்தில் வராது. இதற்கு இங்கே ராபின் ஹூட் என்று பெயர். சான் ஆண்டோனியோவின் எட்ஜ்வுட் என்ற ஏழை மாவட்டத்துக்காரர்கள் 1984இல் வழக்குப் போட்டார்கள். சொத்து மதிப்பு குறைந்த ஊரில் எவ்வளவு வரி போட்டாலும் பணம் தேறவில்லை, பக்கத்து ஊரில் பாதி வரி போட்டே கொழிக்கிறார்கள் என்பது வாதம். டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1989இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993இலிருந்து, சொத்து மதிப்பு அதிகமுள்ள மாவட்டங்கள் உபரியை மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும். பிளேனோ ஐ.எஸ்.டி. பல ஆண்டுகள் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது, அதே சமயம் பள்ளிகளையும் மூடுகிறது. கொள்கை நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். கோபம் வருவது வேறு இடத்தில்: மாநிலம் ஒரு மாணவருக்குத் தருகிற அடிப்படைத் தொகை 2019இலிருந்து 6,160 டாலரிலேயே நின்றது, இத்தனை விலைவாசி ஏறியும் 2025இல் 55 டாலர் கூட்டினார்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போக ஒரு மாதம் லீவு தருவார்களா?

இங்கே பள்ளிக்கு வரும் பணம் சேர்ந்த எண்ணிக்கையை வைத்து இல்லை, தினசரி வருகையை வைத்து. பிள்ளை வராத நாளில் பள்ளிக்குக் காசு குறையும், அதனால் அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. மொத்த நாட்களில் 90 சதவீதம் வந்திருக்க வேண்டும் என்று விதி. ஆறு மாதத்துக்குள் காரணமில்லாமல் பத்து நாள் போனால் நீதிமன்றம் வரை போகலாம், பாட்டியின் எண்பதாம் கல்யாணம் அவர்கள் கணக்கில் காரணம் ஆகாது. விடுமுறையோடு நாலைந்து நாள் சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும்? விசா கேட்பார்களா?

வாடகை ஒப்பந்தம் அல்லது மின்சார பில், பிள்ளையின் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை. விசா நிலையைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் வழக்கில் அப்படித் தீர்ப்புச் சொன்னது, அதுவும் டெக்சஸின் டைலர் ஊர்ப் பள்ளி மாவட்டத்தில் தொடங்கிய வழக்குதான்.

தடுப்பூசியில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். நம் ஊரில் அரசுத் திட்டத்தில் 9 மாதத்தில் போடுகிற எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியை இங்கே கணக்கில் எடுக்கமாட்டார்கள். முதல் பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்ட எம்.எம்.ஆர். (பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்தது) வேண்டும், இரண்டு தவணை. ஹெபடைட்டிஸ் ஏ, சின்னம்மை இரண்டுக்கும் இரண்டிரண்டு. முடிந்தால் கிளம்பும் முன்பே போட்டு, தேதியோடு டாக்டர் கையெழுத்து வாங்கி வந்துவிடுங்கள்.

வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று படிவத்தில் எழுதலாமா?

எழுதுங்கள். ஆங்கிலப் பரிசோதனை ஒன்று வைப்பார்கள், அவ்வளவுதான். 'இங்கிலீஷ் வராத பிள்ளை' என்று முத்திரை விழுந்துவிடும் என்று பயந்து பொய் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: செப்டம்பர் 1க்குள் 4 வயது முடிந்து, ஆங்கிலம் பேசவோ புரிந்துகொள்ளவோ தெரியாத பிள்ளைக்கு அரசு பிரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) இலவசம், வருமானம் எவ்வளவு இருந்தாலும். தனியார் பள்ளிக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டிய பிறகு இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டவன் நான்.

பள்ளிப் பேருந்து வருமா?

பள்ளிக்கு 2 மைலுக்கு மேல் இருந்தால்தான் பொதுவாக வரும். கிழக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தூரம் என்பதால் பிள்ளைகள் பெரும்பாலும் பேருந்திலேயே போவார்கள், ஒரு மணி நேரம் சுற்றினாலும் சுற்றும்.

மதியச் சாப்பாடு?

சைவம் என்றால் சீஸ் பீட்சா, மறுநாளும் சீஸ் பீட்சா. தயிர்சாதம் கட்டிக் கொடுங்கள்.

எங்களுக்கு ஓட்டில்லை, வரி மட்டும் கட்டுகிறோம். எதுவும் சொல்ல முடியுமா?

ஓட்டு குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் ஓட்டு முக்கியமில்லை என்று நினைக்காதீர்கள்; 2024 நவம்பரில் பிரிஸ்கோவில் மாவட்டம் கேட்ட வரி உயர்வையும் கட்டிடக் கடனையும் மக்கள் சேர்ந்தே நிராகரித்தார்கள், மறுநாளிலிருந்து மாவட்டம் செலவைக் குறைக்க வழி தேட வேண்டியதாயிற்று. குடியுரிமை வாங்கியும் பள்ளிக் குழுத் தேர்தலில் ஓட்டுப்போடாத நம்மவர்கள் எத்தனையோ பேர், அதிபர் தேர்தலைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

ஓட்டில்லாதவர்கள் குழுக் கூட்டத்தில் பேசலாம். பெயரைப் பதிந்துகொண்டால் இரண்டு மூன்று நிமிடம் மைக் தருவார்கள், எல்லைக்கோடு மாற்றுகிற கூட்டம் என்றால் அரங்கம் நிரம்பி வழியும். எங்கள் தெருவில் கோடு விழுந்தபோது நானும் போய்ப் பேசினேன், காகிதத்தில் எழுதி வைத்ததில் பாதி சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். கோடு மாறவில்லை. ஆனால் அப்போது ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் கடைசி வருடத்தைப் பழைய பள்ளியிலேயே முடிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதைக் கேட்டது எனக்கு முன்னால் பேசிய ஓர் அம்மா, அவருக்கும் ஓட்டில்லை.